உருபேற்ற நொதி

புதுக்கோட்டை நாட்டுக் குடுமியான்மலையில், குகைக்கோயிலின் அருகே பாறையிற் பொறித்த இசைக் கல்வெட்டு உலகறிந்தது. கிரந்த எழுத்தில் சுர வரிசைகளைத் தரும் அதன் முடிவில், இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியன எனத் தமிழிலும் ஒரு குறிப்பு உளது. அருங்கலைக்குத் தமிழில் ஒரு வாயில் திறந்த அச்செயல் நமக்கும் வழிகாட்டுவதாகும். இக்கால உயிர்நூல் தமிழுக்கு அடங்காது என்பார் கூற்றுக்கு யான் உடன்படேன். இலக்கணம் பயின்றார்க்கு அந்நூலின் நுட்பமொன்று எளிதில் விளங்குமாற்றை ஈண்டுக் காட்டுவல்.

உயிரணுவில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம் நொதி எனப்படும். அவற்றுள் ராஸ் என்பது, வளர்க, பிளவுறுக என்னும் ஏவலைக் கடத்துவது. உயிரணுச் சவ்வின் உட்புறத்தே அமர்ந்தாலன்றி அஃது அத்தொழிலைச் செய்யாது. சவ்வோ கொழுப்பாலாயது; ராஸோ நீரிற் கரையும் இயல்பினது. இரண்டும் பொருந்துமாறு எங்ஙனம்? ராஸின் இறுதியிலிருந்து நான்காவதாகிய சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தில், 15 கரியணுக்கள் கொண்ட ஃபார்னெசில் என்னும் கொழுப்புத் தொடர் ஒட்டப்படுகிறது. பெயர்ச்சொல் வேற்றுமையுருபேற்றுத் தொடரில் தன் இடம் பெறுதல் போல, நொதியும் இவ்வால் ஏற்றுச் சவ்வில் இடம் பெறுகிறது.

இவ்வொரு வாலின் பிடி தளர்ந்தது. ஆதலின் ராஸ் வகைகளுட் சில, 16 கரியணுக்களையுடைய பால்மிட்டேட்டையும் ஏற்கும். அது கழற்றவும் மீண்டும் பூட்டவும் படுதலால் நொதி இடம் பெயரவும் இயலும். உவமை முற்றும் ஒவ்வாது. உருபு பொருளுறவைக் காட்டும், கொழுப்போ பற்றி நிறுத்தும். ஆயினும் சிறு விகுதி இடத்தை வரையறுக்கும் என்னும் உண்மை இரண்டிற்கும் பொது. 1984-இல் ஆய்வாளர் அச்சிஸ்டீனை மாற்றியபோது, ராஸ் சவ்வில் ஒட்டாது, உயிரணுவைப் புற்றாக்கும் வன்மையையும் இழந்தது.

எனவே, வாலொட்டுதலைத் தடுப்பின் புற்றுநோய் அடங்குமெனக் கருதி மருந்துகள் செய்தனர். கே-ராஸ் என்னும் வகையோ, வேறொரு நொதியிடம் 20 கரியணுத் தொடரைப் பெற்றுத் தப்பியது. எனினும் அம்முயற்சி வீண்போகவில்லை. சிறாரை விரைந்து மூப்புறச் செய்யும் புரோஜீரியா நோயில், ஒரு புரதம் தன் கொழுப்பு வால் நீங்கப்பெறாது உட்கருச் சவ்விலே தங்கித் தீங்கிழைக்கும். அதற்கு அம்மருந்துகளுள் ஒன்றாகிய லோனாஃபார்னிப் 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பொருளின் வடிவை மட்டும் அறிந்தார் அதன் தொழிலை அறிந்தாராகார்; அது நிற்குமிடத்தையும் அறிதல் வேண்டும். இவ்வளவும் தமிழில் உரைக்கக் கூடியதே. மருத்துவமனை வாயிலில் நிற்கும் தாய்க்குத் தன் மகவின் நோய்க்காரணம் அவளறிந்த மொழியிற் கிட்டாதாயின், நம் கல்வியால் யாது பயன்? அறிவியல் மாணவர் தாம் கற்றதைச் சொல்லுக. தமிழ் மாணவர் நாணாது வினவி எழுதுக. இரு துறையாரும் கூடி, இம்மலரில் ஆண்டுக்கொரு கட்டுரையேனும் வெளியிட முயல்வோமாக.