கைராசி டாக்டரும் வளவுக் குழந்தையும்



குழந்தைக்கு நல்ல டாக்டராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று வார இதழ்களும் யூடியூப் சேனல்களும் புத்தி சொல்கின்றன. பிரசவத்துக்கு முன்பே இரண்டு மூன்று பேரைப் போய்ப் பாருங்கள், என்ன படித்திருக்கிறார் என்று கேளுங்கள், நடுராத்திரியில் போன் எடுப்பாரா என்று விசாரியுங்கள் என்கிறார்கள். நல்ல புத்திதான். ஆனால் பவானியில் ஏதோ ஒரு வளவில் குடியிருந்து, விடிந்ததும் தறிக்கோ சாயப்பட்டறைக்கோ ஓடுகிற தாய்க்கு இது எதற்கு ஆகும்? காலையில் அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. சாயங்காலம் தனியார் கிளினிக்குக்குப் போனால் சம்பாதித்த கூலி பீஸாகப் போச்சு. இதில் தேர்வு எங்கே இருக்கிறது?

தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர்களும் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? "கைராசிக்காரர்" என்கிறார்கள். "நம்மாளுங்க" என்கிறார்கள். பின்னதற்கு என்ன பொருள் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசும் மண் என்று பெருமை பேசுகிறோம். அந்த 'ங்க' எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்பதை கிளினிக் வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். ஒரு தாய்க்கு "வாங்கம்மா". இன்னொரு தாய்க்கு "ஏ, புள்ளையத் தூக்கிட்டு வா".

இது புதுக் கதை அல்ல. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வெளியான ஒரு கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர். குழந்தை பெற்ற அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. பலரின் சிபாரிசுக்குப் பின் வந்த டாக்டர், நோயாளியைத் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவிக்கு வைத்தார். அந்தத் தாய் செத்துப்போனார்.

அது அந்தக் காலம் என்பவர்களுக்கு 2010-இல் சங்கமித்ரா ஆச்சார்யா வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் விசாரித்தார். அந்தக் குழந்தைகள் மருந்து வாங்கிய 1,298 தடவைகளில் 1,181 தடவை பாகுபாட்டைச் சந்தித்திருந்தார்கள். அது வடக்கு என்று சொல்லி நாம் தப்பிக்க முடியுமா?

பவானிக்குப் பக்கத்திலேயே, பெருந்துறை ஒன்றியம் பாலக்கரைக்கு வாருங்கள். 2022 இறுதியில் அங்குள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்த ஒரு தலித் சிறுவன் டெங்குவோடு மருத்துவமனையில் கிடந்தான். எப்படி வந்தது என்று தாய் கேட்டார். பள்ளிக் கழிப்பறையைக் கழுவும்போது கொசு கடித்தது என்றான் பையன். அவனோடு சேர்த்து ஆறு தலித் மாணவர்கள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வைக்கப்பட்டார்கள் என்பது புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, தலைமை ஆசிரியை கைதானார்.

இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். டெங்கு என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். கொசு எங்கே கடித்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, ஒரு ஆள் கேட்க வேண்டும். இங்கே தாய் கேட்டார், அதனால் சாதி வெளியே வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரே நமக்கு நல்ல குழந்தை டாக்டர். ஒரு நாளைக்கு நூறு டோக்கன் பார்க்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கு நேரம் கிடையாது. பிள்ளை எந்தத் தெரு, எந்தப் பள்ளி, வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒருவர் அதே தெருவில் உட்கார்ந்திருந்தால்தான் அது நடக்கும்.

நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் மிசிசிப்பியின் மவுண்ட் பயூ என்ற கறுப்பர் ஊரில் 1960-களில் ஜாக் கைகர் என்ற டாக்டர் மக்கள் நல மையம் தொடங்கினார். பட்டினியால் வாடிய குழந்தைகளுக்கு அங்கே மருந்துச் சீட்டில் உணவுப் பொருள் எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஏன் என்று மேலிடம் கேட்டபோது, பசிக்கு மருந்து சோறு என்றே என் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார் கைகர். சத்தீஸ்கரில் தல்லி ராஜஹராவின் சுரங்கத் தொழிலாளர்கள் 1983-இல் தங்கள் சங்கத்தின் பேரால் ஷஹீத் மருத்துவமனையைத் திறந்தார்கள். நம் தருமபுரியின் சித்தேரி மலைப்பக்கம் சிட்டிலிங்கியில் டாக்டர்கள் ரெஜி, லலிதா இருவரும் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். அங்கே குழந்தைச் சாவு பெருமளவு குறைந்தது.

"தெரு கிளினிக்கில் ஸ்பெஷலிஸ்ட் இருப்பாரா? ஏழைக்கு ஏனோதானோ வைத்தியமா?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. இதயத்தில் ஓட்டை என்றால் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆனால் வயிற்றுப்போக்கில் குழந்தை சாகாமல் இருக்க பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ்.ஸும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் போதும். நிமோனியாவை முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சின் வேகம். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே காட்ட வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50. இதை எண்ண ஒரு கடிகாரமும், எண்ணுவதற்குப் பொறுமையும் வேண்டும். பால் குடிக்காத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, எழுப்பினாலும் எழாத குழந்தை என்றால் காத்திருக்காமல் 108. இதைச் சொல்லிக்கொடுக்கவும், எடையைக் குறித்து வைக்கவும், தடுப்பூசி நாளை ஞாபகப்படுத்தவும் தெருவில் ஒருவர் இருந்தால், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய பிள்ளையும் நேரத்தோடு போய்ச் சேரும்.

கேட்பதற்கு நமக்கு வழியும் இருக்கிறது. 2023 ஜூன் 6 அன்று தமிழக அரசு 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தது. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம். அந்த மாலை நேரம் கூலித் தாய்க்கென்றே வைத்தது போல இருக்கிறது. 15,000 முதல் 20,000 பேருக்கு ஒரு மையம் என்பது மத்திய அரசின் அளவுகோல். ஆகவே நமது கேள்விகள்: மையம் எந்தத் தெருவில் வருகிறது? வளவிலிருந்து ஒரு கைக்குழந்தையோடு நடந்து போகும் தூரமா? மாலையில் டாக்டர் இருக்கிறாரா? வாரத்தில் ஒரு நாளாவது குழந்தை மருத்துவர் வருகிறாரா? தாலுகா மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போடலாம். கிராமத்துத் தோழர்கள் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. நம் பிள்ளைகள் டாக்டராக வேண்டும். அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-இல் வந்ததும் போராட்டத்தால்தான். ஆனால் படித்து முடித்தவர் கோவையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால், வளவுக் குழந்தைக்கு அது இன்னொரு பூட்டிய கதவு. அதனால் டாக்டர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இந்த மாதமே உங்கள் தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகளை வாங்கிப் பாருங்கள். எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அரசு இலவசமாகப் போடும் ஊசியைக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவர் எத்தனை பேர், யாரை எப்படிப் பேசினார்கள் என்பதையும் எழுதுங்கள். மனுவோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போவோம்.

ஜெய்பீம்!