எண் போட்ட சாக்ஸபோனும் அடகுக்கடை வளையலும்

லிமிடெட் எடிஷன் சாக்ஸபோன் ஒன்று செகண்ட் ஹேண்டில் விலைக்கு வருகிறது. வாங்கலாமா? கச்சேரியில் ஊதுவதற்காக வாங்குகிறவர் "லிமிடெட் எடிஷன்" என்ற அந்த இரண்டு வார்த்தைக்காக ஒரு பைசா கூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் இத்தோடு எஸ்கேப் ஆகிவிடலாம், இது உங்களுக்கு இல்லை.

கேள்வி சும்மா வரவில்லை. கல்யாணக் கச்சேரிகளில் ஊதி காலேஜ் ஃபீஸ் கட்டுகிற நண்பன் ஒருவன் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் செல்மர் ஆல்டோ ஒன்றுக்குப் பேசிக்கொண்டிருக்கிறான். ரெஃபரன்ஸ் 54 மாடல், அதிலும் பறவைப் படம் செதுக்கிய சிறப்புப் பதிப்பு. சாதாரண 54-ஐ விட விலை நன்றாகவே கூட. குறைகிற பணத்துக்கு அம்மாவின் வளையலை அடகு வைப்பதாக ஏற்பாடு. "ரேர் பீஸ்டா, விலை ஏறிக்கிட்டே போகும், இது ஒரு இன்வெஸ்ட்மென்ட்" என்கிறான். பி.காம். படிக்கிறவனிடம் வந்து இன்வெஸ்ட்மென்ட் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியுமா? :)

முதலில் அந்தப் பறவை சமாச்சாரம். பாரிஸ் செல்மர் கம்பெனி ரெஃபரன்ஸ் 54 ஆல்டோவில் ஹம்மிங்பேர்டு, ஃபிளமிங்கோ, கூக்கபரா என்று பறவைகளைச் செதுக்கிக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. பார்க்க அம்சமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடிப்படையில் அது அதே ரெஃபரன்ஸ் 54 தான். அந்தப் பெயரில் இருக்கும் 54 கூட 1954-ல் வந்த மார்க் சிக்ஸ் என்ற பழைய மாடலுக்கு வைக்கிற கும்பிடுதான்.

மார்க் சிக்ஸ் கதையைக் கொஞ்சம் பாருங்கள். சானி ராலின்ஸ் ஊதியது அதைத்தான். இன்றைக்கும் பழைய சாக்ஸ் சந்தையில் அதற்குத்தான் மவுசு. அது அரிய பொருளா என்றால், சுமார் இருபது வருடம் தொடர்ந்து தயாரித்தார்கள், எல்லா அளவும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல் வந்திருக்கிறது. வாசிக்கிறவர்கள் ஊதிப் பார்த்துவிட்டுக் கேட்டதால் ஏறிய விலை அது. யாரும் எண்ணிக்கையைச் சுருக்கி ஏற்றியது இல்லை.

உண்மையிலேயே அரிதானது வேண்டுமென்றால் கிராஃப்டன் இருக்கிறது. 1950-ல் லண்டனில் விற்பனைக்கு வந்த பிளாஸ்டிக் ஆல்டோ, கிரீம் நிறம். பித்தளை சாக்ஸில் பாதி விலைதான், ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வாங்கலாம் என்ற கணக்கு. 1953-ல் டொரன்டோ மாஸி ஹாலில் சார்லி பார்க்கர் அதைத்தான் ஊதினார். பார்க்கரின் அந்த கிராஃப்டன் 1994-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 93,500 பவுண்டுக்குப் போனது. அந்தப் பணம் பார்க்கர் பெயருக்கு. பார்க்கர் தொடாத கிராஃப்டன் ஒன்றை வாங்கிப் பாருங்கள், உடம்பில் விரிசல் விட்டால் ஒட்டுவது பெரும்பாடு. தயாரிப்பு 1960-களிலேயே நின்றுவிட்டது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு இன்னொரு கிராஃப்டனைத்தான் உடைக்க வேண்டும்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார மேதை 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார் (2001-ல் நோபல் பரிசை மூன்று பேர் பகிர்ந்தார்கள், அதில் இவர் ஒருவர்). விற்பவருக்குச் சரக்கின் குறை நிறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார், நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார் என்பது சாரம். பழைய சாக்ஸும் அப்படித்தான். இந்த இருட்டில் தவிக்கிறவன் கண்ணில் செதுக்கிய பறவையும் வரிசை எண்ணும் பட்டதும் அதையே தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறான். எத்தனை செய்தார்கள் என்பதை வேண்டுமானால் எண் சொல்லும். பேடு கிழிந்திருக்கிறதா, கீழே போட்டு உடம்பு வளைந்ததா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

இன்வெஸ்ட்மென்ட் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு அடகில் 50,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வையுங்கள். மாதம் 500, இரண்டு வருடத்தில் 12,000. இது நிச்சயம். விலை ஏறுவது நிச்சயமா? ஏறினாலும் நம்ம ஊரில் பறவைக்காகக் கூடுதல் பணம் தருகிறவரை எங்கே தேடுவது? வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றால் பார்சல், இன்சூரன்ஸ், தரகு எல்லாம் நம் தலையில். இன்னொரு கூத்து, சேகரிப்பவருக்குக் கீறல் இல்லாத பீஸ் வேண்டும். இவனோ அதைக் கல்யாண மண்டபம் மண்டபமாகத் தூக்கிக்கொண்டு அலையப் போகிறான். வியர்வை, பஸ் பயணம், சாம்பார் வாளி இடித்துக்கொண்டு போகிற பந்தி. ஊத ஊத அந்தக் கூடுதல் விலை கரையும், ஊதாமல் பூட்டி வைத்தால் வருமானம் இல்லை. சம்பாதிக்கிற கருவியையும் சேமிக்கிற பொருளையும் ஒரே பெட்டியில் வைக்க முடியாது.

இந்த இடத்தில் கத்ரி கோபால்நாத் ஞாபகம் வருகிறார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு மயங்கி, அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தே தீருவேன் என்று பல வருடம் போராடினார். 1994-ல் வந்த 'டூயட்' படத்தில் நாம் கேட்டது அவருடைய சாக்ஸ்தான். கமகம் சரியாக விழ வேண்டுமென்று கருவியிலேயே மாற்றங்கள் செய்துகொண்டார். சேகரிப்பாளர் பாஷையில் அது "ஒரிஜினல் போச்சு, விலை குறை". 2019-ல் அவர் மறையும் வரை அந்த வாசிப்பைக் கேட்ட யாரும் ஒரிஜினலா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே பணம் கொடுக்கும் முன் பறவையை மறந்துவிட்டு வேறு சிலதைப் பார்க்கலாம். இருட்டு அறையில் குழாய்க்குள் சின்ன விளக்கை இறக்கி எல்லாக் கீயையும் மூட வேண்டும், வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்றும் கசியும். அடி பி ஃபிளாட்டை மெதுவாக ஊதினால் திணறாமல் வர வேண்டும். நெக் ஆடக் கூடாது. செதுக்கல் மழுங்கியிருந்தால் யாரோ பாலிஷ் போட்டு லேக்கர் மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உலோகமும் தேய்ந்திருக்கும். நேரில் போக முடியாவிட்டால் விற்பவரை வீடியோவில் இதையெல்லாம் செய்து காட்டச் சொல்லலாம். காட்ட மறுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால் அதே வயதுள்ள சாதாரண 54 என்ன விலையோ, அதில் புதுப் பேடு போடும் செலவைக் கழித்துவிட்டுக் கேட்க வேண்டியதுதான்.