எஞ்சினுக்கு முன் 4 நிமிடம்



இந்தக் கோடை இதழ் கைக்கு வரும்போது உங்களில் பலர் கொட்டேஜுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருப்பீர்கள். சிம்கோ ஏரியிலோ மஸ்கோகாவிலோ படகு வாடகைக்கு எடுக்கும் எண்ணமும் இருக்கும். போய் வாருங்கள். அதற்கு முன் படகின் அடியில் தேங்கும் பெற்றோல் ஆவியைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

எங்களில் பலர் கடலோரத்தில் வளர்ந்தவர்கள். மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் நாங்கள் கண்ட சிறு படகுகளில் எஞ்சின் பின்பக்கத்தில் வெளியே தொங்கும். கசிந்த எரிபொருளின் ஆவியைக் கடற்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இங்குள்ள உல்லாசப் படகுகள் பலவற்றில் எஞ்சின் உள்ளே, பின் இருக்கைக்கு அடியில் மூடி போட்டு இருக்கிறது. மேலே மெத்தைதான் தெரியும். பிள்ளைகள் அதன்மேல் படுத்து வெயில் காய்வார்கள்.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. காரில் கசிந்தால் வீதியில் விழுந்து கலைந்துவிடும். படகிலோ, தண்ணீரை உள்ளே விடாத அதே உடல் ஆவியை வெளியே விடாது. காற்றில் 1.4 வீதம் ஆவி சேர்ந்தாலே வெடிக்கப் போதும். குளிர்ந்த நாளும் காப்பாற்றாது. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் பெற்றோல் தீப்பற்றும் ஆவியை விடும். இந்த விடயத்தில் டீசல் எவ்வளவோ சாது. நன்றாகச் சூடானால்தான் அதன் ஆவி பற்றும்.

சமையலறையில் காஸ் மணத்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறக்கிறோம் அல்லவா? படகின் அடியில் திறக்கக் கதவு இல்லை. அதற்காகத்தான் புளோவர் என்ற மின்விசிறி. எஞ்சின் அறையின் அடியிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும். புளோவர் உள்ள பெற்றோல் படகில், எஞ்சினை இயக்குவதற்குச் சற்று முன், ஒவ்வொரு முறையும் குறைந்தது 4 நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்பது கனடாவின் சட்டம். காலையில் ஒரு தடவை போட்டது மாலைக்குச் செல்லாது.

மிகவும் கவனம் வேண்டிய நேரம் பெற்றோல் நிரப்பி முடித்த நேரம். தாங்கியில் பெற்றோல் ஏற ஏற, உள்ளிருந்த ஆவி வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே துறையில் கட்டியதும் எஞ்சினையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவு, ஜன்னல், மூடி எல்லாவற்றையும் சாத்தி, அனைவரும் கரையில் இறங்க வேண்டும். தூங்கும் குழந்தையும், எழும்பச் சிரமப்படும் அம்மம்மாவும்கூடத்தான். “ஐந்து நிமிட வேலைதானே, இருக்கட்டும்” என்று எங்கள் குடும்பங்களில் சொல்வது வழக்கம். தயவுசெய்து இதில் மட்டும் சொல்லாதீர்கள். நிரப்பி முடிந்ததும் சிந்தியதைத் துடைத்து, எல்லாவற்றையும் திறந்து, புளோவரைப் போட்டு, அந்த 4 நிமிடமும் கரையிலேயே நில்லுங்கள்.

சொந்தப் படகு வைத்திருப்போருக்கு ஒரு சொல். பழுதான ஸ்டார்ட்டருக்கோ ஓல்டர்னேற்றருக்கோ பதிலாக, மலிவு என்று கார்ப் பாகத்தைப் பூட்டாதீர்கள். படகுக்கான பாகம் உள்ளே எழும் பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்யப்பட்டது. விலை வித்தியாசம் அதற்குத்தான்.

விருந்தாளியாகப் போகும்போது கேட்கக் கூச்சமாக இருக்கும். தன்னை நம்பவில்லை என்று படகுக்காரர் நினைத்துவிடுவாரோ என்று தோன்றும். “அண்ணை, புளோவர் போட்டாச்சோ?” என்று கேளுங்கள். நல்ல படகோட்டி அதற்குக் கோபிக்கமாட்டார்.

புளோவர் எல்லாம் செய்துவிடும் என்றும் இருக்க வேண்டாம். அது ஆவியைத்தான் அகற்றும். கசியும் குழாயை அடைக்காது. 4 நிமிடம் முடிந்ததும் எஞ்சின் மூடியைத் திறந்து, குனிந்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் சற்றேனும் இருந்தால் சாவியைத் திருப்பாமல், எல்லோரையும் இறக்கி, துறையில் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். அன்றைய ஏரிப் பயணம் அடுத்த வாரத்துக்குப் போகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்