குழாய்களுக்கு ஒரு மாடி

கட்டடக்கலைஞர் லூயி கானுக்குக் குழாய்களைக் கண்டாலே ஆகாது. அதை அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. ஆகாத உறவினருக்குத் தனி அறை ஒதுக்குவதுபோலக் குழாய்களுக்கும் தனி இடம் ஒதுக்கினார்; விட்டால் கட்டடம் முழுக்கப் பரவிவிடும் என்ற பயம்தான். சென்ற நூற்றாண்டின் பேர்பெற்ற ஆய்வகங்கள் இரண்டு இந்த வெறுப்பிலிருந்து வந்தவை.

முதலாவது, பிலடெல்பியாவில், அவர் ஆசிரியராக இருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகம். 1957இல் அவர் கைக்கு வந்த வேலை. நச்சுக்காற்று வெளியேற வேண்டும், நல்ல காற்று உள்ளே வர வேண்டும், ஆட்கள் மாடி ஏற வேண்டும். இதற்கெல்லாம் ஆய்வறைகளை ஒட்டி, கூரைக்கு மேல் நீளும் செங்கல் கோபுரங்களை எழுப்பினார் கான். ஊழியம் செய்யும் இடம் வேறு, ஊழியம் பெறும் இடம் வேறு என்பது அவர் கணக்கு. கட்டடக்கலை உலகம் சொக்கிப்போனது. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த ஒரு கட்டடத்துக்காகவே கண்காட்சி நடத்தியது.

உள்ளே இருந்த விஞ்ஞானிகளோ ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூலைவரை கண்ணாடி வைத்ததில் வெயில் நேராக மேஜைமேல் விழுந்தது. மூடாமல் விட்ட கூரையில், கான்கிரீட் உத்தரங்களுக்கு நடுவே ஓடிய குழாய்களில் தூசி சேர்ந்தது. ஒவ்வொரு மாடியும் பக்கத்துக்கு 45 அடி கொண்ட சதுரம். எல்லோரும் கூடி வேலை செய்வார்கள் என்று திறந்துவிடப்பட்ட அந்த இடத்தில், ஆளாளுக்குத் தடுப்பு எழுப்பிக்கொண்டார்கள். வெளியே நின்று பார்த்தவர்களின் தீர்ப்பும் உள்ளே உட்கார்ந்தவர்களின் தீர்ப்பும் இவ்வளவு விலகிப்போன கட்டடம் வேறு உண்டா தெரியவில்லை.

கானை மெச்ச வேண்டியது இதற்குப் பிறகுதான். போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க் 1959இல் ரிச்சர்ட்ஸைப் பார்க்க வந்தார். கலிபோர்னியாவின் லா ஹோயாவில் தன் ஆய்வு நிறுவனத்தைக் கட்டும் பொறுப்பைக் கானிடமே கொடுத்தார். சால்க் லேசில் விடுகிற ஆள் இல்லை. நான்கு ஆய்வகத் தொகுதிகளும் இரண்டு தோட்டங்களுமாகத் தயாராகியிருந்த வரைபடத்தைத் தள்ளிவைத்து, மறுபடி வரையச் சொன்னார். இரண்டு தொகுதிகள், நடுவே ஒரே முற்றம் என்று ஆனது.

இந்த முறை குழாய்கள் கோபுரம் ஏறவில்லை. ஒவ்வோர் ஆய்வக மாடிக்கு மேலும் குழாய்களுக்கென்றே ஒரு முழு மாடி: ஆள் நிமிர்ந்து நடக்கலாம், கருவிப்பெட்டியுடன் போய் வேண்டிய இடத்தில் இணைப்பை மாற்றலாம், கீழே நடக்கும் சோதனையை நிறுத்தவே வேண்டாம். அந்த மாடியின் உயரத்துக்கே ஆழமான கான்கிரீட் சட்டங்கள் பாரம் தாங்குவதால், சுமார் 65 அடி அகலமும் 245 அடி நீளமும் உள்ள ஆய்வகத்தில் நடுத்தூண் ஒன்றுகூட இல்லை. மேஜையை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். தனிமை வேண்டுவோருக்கு, முற்றத்துப் பக்கம் தேக்குச் சட்டமிட்ட படிப்பறைகள். பிலடெல்பியாவில் கேட்ட புகார்களுக்கெல்லாம் இங்கே கான்கிரீட்டில் பதில் இருக்கிறது.

சால்க் நிறுவனம் என்றதும் பத்திரிகைகள் அச்சிடுவது பசிபிக்கை நோக்கித் திறந்த அந்த வெறும் முற்றத்தைத்தான். அழகுதான், மறுப்பதற்கில்லை. கட்டடத்தின் மூளையோ யாரும் படமெடுக்காத குழாய் மாடியில் இருக்கிறது.

நம் பல்கலைக்கழகங்களும் புதிய ஆய்வகங்களுக்கு வரைபடம் கேட்கின்றன. முகப்பு எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு முன்னால், குழாய் ஒழுகினால் பிளம்பர் எங்கே நின்று வேலை பார்ப்பார் என்று துணைவேந்தர்கள் ஒரு வார்த்தை கேட்கட்டும்.