சுவரின் உயரம் எதிலிருந்து?

நியூ ஆர்லியன்ஸ் என்றதும் 2005 ஆகஸ்ட் 29-ஆம் தேதி வீசிய கத்ரீனா புயலையும், நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் கிடந்ததையும் நினைவுகூர்ந்து, இயற்கையின் சீற்றத்துக்கு மனிதன் என் செய்வான் என்று பெருமூச்செறிவது மற்றவர்களுக்குப் போதுமாயினும், கரையும் மதகும் கட்டிக் காக்கும் தொழிலினராகிய நமக்கு அது போதாது. ஏனெனில், பதினேழாம் தெருக் கால்வாயின் சுவர், நீர் அதன் தலையைத் தொடுவதற்கு முன்பே உடைந்தது.

பாண்ட்சர்ட்ரெயின் ஏரி வழியே கால்வாயில் ஏறிய வெள்ளம் சுவரை ஊர்ப்பக்கமாகச் சாய்க்க, மறுபக்கத்தில் எஃகுத் தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே பிளவு விழுந்து, அதில் நீர் இறங்கி நெருக்க, அடியிலிருந்த இளகிய களிமண் வழுக்கிச் சுவரோடு கரையையும் இழுத்துக்கொண்டு போயிற்று. இது விஸ்தாரமாக எழுதப்பட்டுவிட்ட விஷயம். நாம் இங்கே சற்று நின்று நோக்க விரும்புவது, புயலுக்குப் பின் நடந்த விசாரணையில் வெளிவந்த வேறொன்றை.

அந்நகரத்துச் சுவர்கள் பல, வரைபடத்தில் கண்ட உயரத்தில் இல்லை. தேசிய மட்டக்கணக்கின் பூஜ்யமும் அவ்விடத்துக் கடலின் சராசரி மட்டமும் ஒன்றேயென்று கொண்டு அளந்ததால், சில சுவர்கள் கட்டும்போதே ஓரடி இரண்டடி குறைந்து நின்றன. இண்டஸ்டிரியல் கால்வாயிலோ, கட்டிய பின் தரையே அமிழ்ந்து இரண்டடிக்கு மேல் தாழ்ந்திருந்தன. சதுப்பை வற்றடித்து விரிந்த ஊர் அது. 1913-இல் பால்ட்வின் உட் என்னும் பொறியாளர் வகுத்த திருகுப் பம்பின் சாமர்த்தியத்தால் நீர் வடிய வடிய, மக்கிய வேரும் புல்லும் கலந்த மண் சுருங்கித் தரை இறங்க, இறங்கிய தரைக்காக மேலும் இறைக்க நேர்ந்தது. சுவர் இறங்கும்போது அதை அளக்கும் மட்டக்குறியும் கூடவே இறங்குமாதலின், ஏட்டில் மாத்திரம் எல்லாம் சரியாகவே இருந்தது.

கத்ரீனாவுக்குப் பின்னர் சுமார் 1,450 கோடி டாலர் செலவில் எழுந்த அரண், 2021-இல் அதே ஆகஸ்ட் 29-இல் வந்த ஐடா புயலில் உறுதியாக நின்றது. ஆயினும் புதிய அரணும் அமிழ்வதற்கு விலக்கல்ல, கரைகளை மீண்டும் உயர்த்தாவிடில் சில ஆண்டுகளிலேயே அவை போதாமற் போகலாமென்று, அவற்றைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படையே 2019-இல் அறிவித்தது.

ஆகவே, சுவரின் உயரம் எழுதப்படும் இடமெல்லாம், அது எந்தப் பூஜ்யத்திலிருந்து, எந்த ஆண்டில் அளந்தது என்பதும் உடன் எழுதப்படவேண்டுமென்பதும், ஜூன் முதல் தேதி அவ்வூரில் புயற்பருவம் தொடங்குமுன் மட்டம் பார்த்து முடிக்கவேண்டுமென்பதும் நமது அபிப்பிராயம். கான்கிரீட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். திறப்பு விழாவுக்கு வகையில்லாத செலவாதலால், சிக்கனம் வரும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுவே.