மெஷின் வாசித்தால் அது இசை இல்லையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பாட்டு கேட்கத்தான் பழகுகிறார்கள். அதே கம்ப்யூட்டரில் பாட்டு உருவாக்கவும் முடியும் என்று தெரிந்து வீட்டுப் பிள்ளைகள் முயன்று பார்த்தால், "அது மெஷின் வாசிக்குது, நீயா வாசிக்கிறே?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

எனக்கும் அது நடந்தது. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு விடுமுறையில், ஓமலூர் வீட்டில் உட்கார்ந்து, இலவச சாஃப்ட்வேர் ஒன்றில் மோகன ராகத்தை டிரம்ஸ் ஒலியுடன் சேர்த்து ஒரு பைல் உருவாக்கினேன். கல்லூரிப் போட்டியில் அதைக் கேட்ட நடுவர், இதே வாக்கியத்தைச் சொல்லி ஒதுக்கிவிட்டார். அதன்பின் பல ஆண்டுகள் அந்த பைலை நான் திறக்கவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சரண்ஜித் சிங்கின் ஆல்பம் ஒன்றைக் கேட்டேன். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிடார், கீ போர்டு என்று பல கருவிகளை வாசித்தவர் அவர். 1982ல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டை எச்.எம்.வி. மூலம் வெளியிட்டார். மூன்று ரோலண்ட் கருவிகளே அவருடைய இசைக்குழு. தாளத்திற்கு டிஆர்-808, அடிநாதமாக ஒலிக்கும் பேஸ் இசைக்கு டிபி-303, ராகத்தை வாசிக்க ஜூபிடர்-8 சிந்தசைசர். மொத்தம் பத்து ராகங்கள்; ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம்.

அன்று இந்த இசைத்தட்டு விற்கவில்லை. 2010ல் நெதர்லாந்தின் பாம்பே கனெக்ஷன் நிறுவனம் மறுபடியும் வெளியிட்டதும் நிலைமை தலைகீழானது. 'அசிட் ஹவுஸ்' என்ற நடன இசையை உலகறியச் செய்த 'அசிட் டிராக்ஸ்' சிகாகோவில் வெளியானது 1987ல். அதே டிபி-303 ஒலி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவிலா என்று மேலைநாட்டு விமர்சகர்கள் வியந்தார்கள். யாரோ இப்போது செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. சரண்ஜித் சிங் முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015ல் காலமானார்.

இந்த இரண்டு வரவேற்பிலும் எனக்குக் குறை இருக்கிறது. 1982ல் அதைக் கேட்க ஆளில்லை. 2010க்குப் பின் வந்த பாராட்டுகளில் பெரும்பாலானவை, 'முதலில் செய்தவர்' என்ற பட்டத்தைப் பற்றியவை. சிகாகோ இளைஞர்கள் இந்த இசைத்தட்டைக் கேட்டார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரே மெஷின், இரண்டு ஊர்களில், இரண்டு விதமான கைகளுக்குப் போனது. அவ்வளவுதான்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராகம் ராகமாக இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்ல வெளிநாட்டு விமர்சகர் தேவையில்லை. இதில் வரும் பூபாளி நம் மோகனம்; மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். மாரியம்மன் பண்டிகையில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். காரணம், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது தாளமும் பேஸும்தான். அவற்றின் மேல் ராகத்தை வாசிப்பது ஒரு மனிதரின் கை. டிபி-303ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் உண்டு. அதனால் பேஸ் கூட ராகத்தோடு ஒட்டி நிற்கிறது.

குறைகளும் உண்டு. டிரம்ஸ் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே போக்கில் அடிக்கிறது. பத்தையும் தொடர்ந்து கேட்டால் அலுக்கிறது. நிதானமாக விரிய வேண்டிய ராகங்கள் 5 நிமிடத்தில் அவசரமாக முடிகின்றன. என்னைக் கேட்டால், 1982லேயே யாராவது இப்படி நிறைகுறை இரண்டையும் எழுதியிருக்க வேண்டும்.

இந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகு என் பழைய பைலைத் திறந்தேன். மோகனத்தில் வரக்கூடாத மத்யமம் இரண்டு இடங்களில் இருந்தது! நடுவர் அதைச் சொல்லியிருந்தால் அன்றிரவே திருத்தியிருப்பேன். மெஷினைக் குறை சொன்னதால் தவறு அப்படியே தங்கிவிட்டது.

நீங்களும் முயன்று பார்க்கலாம். எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். அதிலுள்ள 'எல்பி302' என்பது டிபி-303 போல ஒலிக்கும் கருவி. ச, ரி, க, ப, த என்ற ஐந்து ஸ்வரங்களை மட்டும் வைத்து, 16 கட்டங்களுக்குள் ஒரு வரிசை அமைத்து ஓடவிடுங்கள்.

உங்கள் மகனோ மகளோ இப்படி ஒன்றைச் செய்து கொண்டுவந்தால், முழுவதும் கேளுங்கள். பிறகு எந்த இடம் நன்றாக இருக்கிறது, எந்த இடம் தவறு என்று சொல்லுங்கள். எந்த மெஷினில் செய்தார்கள் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.