கூதிரும் இல்லின்பமும்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் கல்லூரி நண்பர் பலர் 'இலையுதிர் காலம்' என்னுஞ் சொல்லை எடுத்ததற்கெல்லாம் வழங்குகின்றனர். கீட்ஸ் என்னும் புலவர் 1819-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அப்பருவத்தின்மேற் பாடிய பாட்டு மிக இனியதே. அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் அக்டோபர்த் திங்களில் நம் நாட்டில் உதிரும் இலை யாது? நம் வேம்பு இலையுதிர்ப்பது மாசி பங்குனியில். ஐப்பசியிலோ அது கழுவி நிறுத்தினாற்போலப் பசுமை கொண்டு நிற்கின்றது. அயல்நாட்டுப் பருவத்தைத் தம் முற்றத்தில் தேடிக் காணாது, 'நமக்கு அப்பருவமே வாய்க்கவில்லையே' என்று ஏங்குவாரும் உளர். வாய்த்துள்ளது, நண்பர்காள்! அதற்குக் கூதிர் என்று பெயர்.

ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என வகுத்தனர் முன்னோர். வானிலை நூலாரும் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிற் புகுவது பெரும்பாலும் அக்டோபர் 20-ஆம் நாளை ஒட்டி என்பர். அஃது ஐப்பசி பிறந்து சின்னாட் கழிந்த பொழுதேயாம். நம் மாநிலம் ஓராண்டிற் பெறும் மழையில் ஏறத்தாழச் செம்பாதி இப்பருவமே தருவது. ஆதலின் கூதிரின் தொடக்கத்தில் நம் ஊர்களில் மாறுவது வானம் மட்டுமன்று; வீட்டில் யார் யார் இருப்பர் என்பதும் மாறும்.

இதனை விளக்குதற்குத் தென்கோடியிலுள்ள பனைநாட்டினும் ஏற்ற இடம் இல்லை. தேரிமணற் பகுதியிற் பனையேறுவோர் பதனீர்க் காலம் முழுவதும் விடியுமுன் வீட்டை விட்டு நீங்குவர். காலையும் மாலையும் மரந்தோறும் ஏறியிறங்குவர். மகளிரும் அடுப்பருகிலேயே நின்று பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பர். வீடு என்பது அந்நாட்களில் உறங்குதற்குரிய ஓரிடமேயன்றிப் பிறிதன்று. பாளை ஓய்ந்து மழை இறங்கியபின் அரிவாள் பரணேறும், கலயங்கள் கவிழ்க்கப்படும், தந்தையார் பகற்பொழுதிலும் திண்ணையிற் காணப்படுவார். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களும் அவ்வாறே. மழை பெய்த பாத்தியில் உப்பு விளையாது. வேலை நின்றால் கூலியும் நிற்கும் என்பதை யாம் மறந்திலேம். தந்தையார் இல்லத்திருக்கும் மகிழ்ச்சியும், அவர் கையில் காசில்லாத வருத்தமும் ஒருங்கே வருவது இப்பருவத்தின் இயல்பு. இவ்வீடுகளிற் கூதிர்கால இன்பங்கள் விலை கொடுத்து வாங்காதனவாக அமைந்தமைக்கு இதுவே காரணம் போலும்.

அவை யாவை? முதல் மழைக்கு முன் தட்டான்கள் தாழப் பறக்கும். முற்றத்துக் கொடியிலுள்ள துணிகளையும், பாயில் உலரும் வற்றலையும் எடுத்தற்கு வீட்டிலுள்ளார் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவர். ஆண்டு முழுவதும் ஒருவரோடொருவர் பேசாத அண்ணன் தம்பியரும் ஒரு பாயின் இரு தலைப்பைப் பற்றித் தூக்குவர். பிறகு மண் மணக்கும். ஓட்டின்மேல் மழை விழும் ஓசையிற் பேச்சுக் கேளாது. கேளாமையாலேயே அனைவரும் நெருங்கி அமர்வர். சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பியும், வறுத்த கடலையும் வரும். எரிவாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும், மழைநாளில் வெந்நீர் வைக்கும் பின்கட்டு விறகடுப்பை விட்டு முதியோர் அகல்வதில்லை. மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படும். விளக்கை அணைத்துவிட்டு, அதன் சிறகுகள் உதிரும்வரை இருளில் அமர்ந்திருத்தல் சிறுவர்க்கு ஒரு திருவிழா.

மின்னாற்றல் நின்றுபோகும் இரவுகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றைச் சபிப்பவரே பலர், யாம் வாழ்த்துகின்றேம். கைப்பேசியின் உயிர் இரண்டு மணி நேரத்தில் ஒடுங்கும். அதன்பின் தம்பிக்கு ஒரு குரல் உண்டென்பது வெளிப்படும். அரிக்கன் விளக்கொளியிற் குடும்ப செபம் நடக்கும் பொழுது, திருமறை வாசிப்பவர் எழுத்தைக் காணாது நினைவிலிருந்தே பாதி சொல்லுவார். கீர்த்தனைக்குச் சுருதிப்பெட்டி தேவையில்லை, மழையே சுருதி. செபம் முடிந்தபின் எவரும் எழுந்து போவதில்லை, போவதற்கு வேறு இடமில்லாமையால். பாட்டியார் தம் இளமையிற் கண்ட பெருமழையைச் சொல்லத் தொடங்குவார். சென்ற ஆண்டு முழங்காலளவாயிருந்த வெள்ளம் இவ்வாண்டு இடுப்பளவாகியிருக்கும். அதனைத் திருத்த முயல்வார் எவரும் இலர்.

'இவை மிகச் சிறியன. கல்வி கற்கும் இளைஞர் உலகைக் காணல் வேண்டும். தசரா தீபாவளி விடுமுறைகளை மலைநாட்டுச் செலவிற் கழித்தலே தக்கது' என்பார் நம்முள் உளர். மலைநாடும் காணத்தக்கதே. ஆயின் இல்லின்பம் சிறியது என்பதை மட்டும் யாம் உடன்படேம். பத்துப்பாட்டுள் ஒன்றாய நெடுநல்வாடை 188 அடிகளால் ஒரு கூதிர்ப்பொழுதையே பாடுகின்றது. 1889-ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டை அச்சேற்றாதிருப்பின் நக்கீரரின் அவ்வோவியத்தை நம்மனோர் காண்டல் அரிதாயிருக்கும். அதனுள் வருவன எல்லாம் வீட்டுப் பொருள்கள். கோடையிற் பயன்பட்ட விசிறி மடக்கித் தொங்கவிடப்பட, அதன்மேற் சிலந்தி நூல் பின்னியிருக்கின்றது. சந்தனம் அரைக்கும் கல் வாளா கிடக்கின்றது. தண்ணீர்க் கலத்தை எவரும் நாடாது, அகன்ற வாயுடைய தடாவின் நெருப்பைச் சூழ்கின்றனர். பொழுது தெரியாத அம்மழைநாளில், பிச்சியரும்பு மலரக் கண்டு மாலை வந்ததென்றறிந்து மகளிர் விளக்கேற்றுகின்றனர். ஒரு பேரரசனைப் பாடப் புகுந்த புலவர், சிலந்தி படிந்த விசிறியைப் பாடுதற்கு நாணவில்லை.

எனினும் அப்பாட்டு அங்கு நிற்கவில்லை. அத்துணைச் சிறப்பும் அமைந்த அரண்மனையில், அழகிய கட்டிலின்மேல், அரசி ஒருத்தி மட்டும் மகிழாது இருக்கின்றாள். நெருப்பு உண்டு, விளக்கு உண்டு, ஏவலர் உண்டு. உடனிருக்க வேண்டியவன் பாசறையில் நள்ளிரவில் துளிமழையினூடே புண்பட்ட வீரரைக் கண்டு வருகின்றான். வீட்டிலுள்ள பொருள்கள் இன்பம் தருவனவல்ல என்று நக்கீரர் உரைத்தாரில்லை. அவ்வரசியைக் காட்டிவிட்டு அமைந்தார். எம் கட்டுரையின் கருத்தும் அவளிடத்திலிருந்தே தொடங்குகின்றது.

நம் வீடுகளிலும் கூதிர்காலத்தில் மகிழ்ச்சியின் நடுவே அதிற் பங்கு பெறாதார் ஒருவர் உளர். அவர் அரசியல்லர், அன்னையார். விடுதியிலிருந்து மகன் வருகின்றான் எனும் செய்தி கேட்ட நாள்முதல் அவர்க்கு ஓய்வில்லை. மழைநாளில் துணி உலராது; விறகு எரியாது புகையும்; உண்போர் தொகையும் உண்ணும் வேளையும் மிகும். நாம் திண்ணையிற் சாய்ந்து மழையை வியக்கும் பொழுது, அவர் கூரையின் எந்த ஓட்டிடுக்கு ஒழுகும் என்று எண்ணிப் பாத்திரம் வைத்துக்கொண்டிருக்கின்றார். காப்பி நம் கைக்குச் சூடாக வருகின்றது. அவருடையது அடுப்பின் ஓரத்தில் ஆறிக்கிடக்கின்றது. இவ்வாறு வந்து தங்கி உண்டு மீளும் மாணவன் அடைவது விருந்தின்பம். அதனை இல்லின்பம் என்று பிழைபடப் பெயரிடுகின்றோம். கல்லூரிப் படிப்பு நம்மை நம் வீட்டிற்கே விருந்தினர் ஆக்கிவிடுமாயின், அஃது எத்துணைப் பட்டத்தாலும் ஈடுசெய்ய ஒண்ணாத இழப்பாகும்.

திருமறை பயில்வார்க்கு இக்கருத்துப் புதிதன்று. பாலத்தீன நாட்டிலும் முன்மாரி தொடங்குவது ஏறத்தாழ இக்காலத்தேயாம். அதற்குச் சற்று முன், ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாள் தொடங்கி ஏழு நாள், தானியமும் திராட்சை இரசமும் வீடு சேர்ந்தபின், இசிரவேலர் தழைக்குடில் அமைத்து அதன்கண் தங்கிக் கூடாரப் பண்டிகை கொண்டாடல் வேண்டுமென்பது நியமம். அப்பண்டிகையில் மகிழவேண்டியவர் இன்னின்னார் என்று உபாகமம் பதினாறாம் அதிகாரம் எண்ணிக் கூறுகின்றது. வீட்டுத் தலைவனும் பிள்ளைகளும் மட்டுமல்லர். வேலைக்காரனும் வேலைக்காரியும், லேவியனும், பரதேசியும், தாய்தந்தையற்றாரும், கைம்பெண்டிரும் அதனுள் அடங்குவர். மகிழ்ச்சி என்பது தானே எல்லார்க்கும் பரவிவிடும் என்று நம்பாமல், வேலை செய்வாரையும் பெயர் சுட்டி அழைத்த அச்சட்டம் எமக்குப் பெருவியப்புத் தருகின்றது. பணி ஓயாதவர் மகிழ்தல் எங்ஙனம்? அவர் மகிழவேண்டுமாயின் அவர் பணியைப் பிறர் ஏற்றல் வேண்டும்.

'ஆடவர் அடுப்படி புகுதல் மரபன்று' என்பார்க்கு விடை கூறுதல் எளிது. பதனீர் காய்ச்சுங்கால் தீயைத் தணிப்பதும் கிளறுவதும் இன்ன பக்குவத்திலென்று பனைநாட்டு ஆடவர் பலரும் அறிவர். விடுதியில் நள்ளிரவில் தேநீர் வைத்தற்கு அஞ்சாத கை, வீட்டில் மட்டும் அஞ்சுவது ஏன்?

வேறொரு தடையுண்டு, அதற்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. ஒழுகும் கூரையின்கீழ் இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பத்தார்க்குக் கூதிரின் இன்பத்தை எடுத்துரைத்தல் தகுமா? தகாது. மழையை இன்பமென்று பேசுதற்கு நனையாத இடம் ஒன்று வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையிற் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செண்டிமீட்டருக்கு மேற் பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையில் வீடிழந்தார்க்கு மழையின் ஓசை இன்றும் வேறு பொருள் தரும். ஆதலின் நம் தெருவில் ஒழுகும் வீடு எது என்பதை மழைக்கு முன்பே அறிந்து, அதன் ஓலையோ ஓடோ மாற்றுதற்குத் தோள் கொடுத்தலும் கூதிர்கால இல்வாழ்க்கையின் ஒரு கூறென்றே யாம் கொள்கின்றேம். உபாகமம் எண்ணிய பட்டியலில் அவ்வீட்டாரும் உளர்.

விடுமுறைக்கு வீடு செல்லும் பனைநாட்டு நண்பர்க்கு இன்னும் ஒரு பணி காத்திருக்கும். ஆவணி புரட்டாசியில் உதிர்ந்த பனம்பழங்களின் கொட்டைகள் புறக்கடையிற் குவிந்து கிடக்கும். மணலைக் கூட்டிப் பாத்தி அமைத்து, அவற்றை நெருக்கமாக அடுக்கி மூடல் வேண்டும். மழை மற்றதைச் செய்யும். தைத் திங்களிற் கிழங்கு தோண்டலாம். அன்னையார் மழைக்கு முன் தனியே குனிந்து செய்யும் அவ்வேலை, இருவர் செய்யின் ஒரு காலைப்பொழுதில் முடியும். அதன்பின் அவரும் திண்ணைக்கு வந்து அமரலாம். காப்பியை அன்று நாம் வைக்கலாம்.